அஞ்சு கட்டைக்கு ஒரு நூல் மேலே

எங்கள் வீட்டுத் தொழில்நுட்ப ஆலோசகர் நான். இந்தப் பதவிக்கு விண்ணப்பம் கோரவுமில்லை, நேர்முகப் பரீட்சை வைக்கவுமில்லை. பல வருடங்களுக்கு முன்னர் ஒரு நாள், வேலை செய்யாத ரீவி றிமோட்டின் பற்றரிகளைக் கழற்றி, சாரத்தில் துடைத்து, திரும்பப் போட்டேன். வேலை செய்தது. அன்று கிடைத்த பதவி இது. திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலால் இறங்கும் மூட்டைகளுக்கு நாலு கோடு நேரே, ஒரு கோடு குறுக்கே என்று கணக்குப் போட்டே ஓய்வுபெற்றவனுக்கு இது பெரிய உயர்வுதான்.

மனைவி அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் கர்நாடக சங்கீத ஆசிரியை. வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளைப் படிப்படியாகத் தாண்டி 'கலாவித்தகர்' பட்டம் எடுத்தவள். சங்கீதத்தில் நானும் படிப்படியாக முன்னேறியவன்தான். கல்யாணமான புதிதில் அவள் பாடினால் ஹோலில் இருப்பேன், பிறகு விறாந்தை, பிறகு படலை, இப்போது சந்திக் கடை.

போன தவணையில் ஒரு கடிதம் வந்தது. வகுப்பறையில் தகவல் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது பற்றிச் சங்கீத ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சியாம். லப்டொப் அல்லது ஸ்மார்ட் போன் கொண்டுவரவும்.

"இஞ்சாருங்கோ, இன்னும் ரெண்டு வருசத்தில பென்சன். எனக்கு ஏன் இது?"

"நீர் பயப்பிடாதையும். நான் இருக்கிறன்."

"அதுதான் பயமாக் கிடக்கு" என்றாள்.

இந்தப் பயத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டுப் பிறிட்ஜ் வழக்கைச் சொல்லிவிட வேண்டும்.

அவள் விடியப்புறம் எழும்பிச் சுருதிப் பெட்டியை அஞ்சு கட்டையில் வைத்துச் சாதகம் பண்ணுவாள். அடுத்த அறை குசினி. அங்கே பிறிட்ஜ். "இந்தப் பிறிட்ஜ் அஞ்சு கட்டைக்கு ஒரு நூல் மேலே நிக்குது. சுருதி சேருதில்லை" என்று சொல்லிப் பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். பாட்டு முடிந்ததும் திரும்பக் கொழுவ மறந்துவிடுவாள். ஒரு சனிக்கிழமை நான் மீன் கடையில் வாதாடி வாங்கிவந்த இரண்டு கிலோ பாரை, அன்று பின்னேரம் அபஸ்வரமாக மணத்தது. "பிறிட்ஜ் பாட்டோ பாடுது? அது வெறும் இரைச்சல்!" என்று கத்தினேன். "உங்களுக்கு எல்லாம் இரைச்சல்தான்" என்று தீர்ப்பு வந்தது. இருபத்திரண்டு வருடம் மேன்முறையீட்டில் கிடந்த வழக்கு இது.

அந்தச் சுருதிப் பெட்டியும் ஒரு காலத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றதுதான். 1970களின் கடைசியில் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியியலாளர், புல்லாங்குழலும் வாசிப்பவர், மின்னணுச் சுருதிப் பெட்டியைச் செய்தார். அது கடல் தாண்டி எங்கள் ஊருக்கு வந்தபோது மனைவியின் குருவம்மா அதைத் தொடவே மறுத்தாவாம். "ஆணி முறுக்கிச் சுருதி சேர்க்கத் தெரியாத பிள்ளைக்கு ஆணி இல்லாத பெட்டி" என்பது அவவின் கருத்து. புதிதாக வந்தவற்றுக்கெல்லாம் இதே வரவேற்புத்தான். ஹார்மோனியத்தால் கமகம் காட்ட முடியாது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940இலிருந்து 1971 வரை அதை வாசலில் நிறுத்தி வைத்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி வெள்ளைக்காரர் வாசித்த வயலினைக் கற்றுக்கொண்டார். இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரிக்குப் போனால் ஏதோ உப்பில்லாத சொதி மாதிரி இருக்கிறது என்கிறார்கள். குருவம்மாவும் கடைசிக் காலத்தில் ஒரு பெட்டி வாங்கினா. வாணி விழாவுக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தா. எங்கள் ஆட்களிடம் ஒரு பொருள் பாஸ் பண்ணிவிட்டதா என்று அறிய வேண்டுமானால் அதன் நெற்றியைப் பார்க்க வேண்டும்.

இனி வரலாற்றுக் காரணம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். சங்கீத வகுப்பும் போனுக்குள் போயிற்று. தொழில்நுட்ப ஆலோசகர் களத்தில் இறங்கினேன். மா அரிதட்டைக் கவிழ்த்து, அதன்மேல் அகப்பைக்காம்பைக் கட்டி, போனுக்கு ஒரு தாங்கி செய்தேன். முதல் வகுப்பில் பிள்ளைகள் அரை மணி நேரம் எங்கள் வீட்டு முகட்டைப் பார்த்தார்கள்.

தாங்கி சரியானதும் தாளம் பிழைத்தது. ஆதி தாளத்துக்கு அவள் இங்கே கை போட, முப்பது பிள்ளைகளின் கை முப்பது நேரத்தில் விழுந்தது. நான் பிள்ளைகளை ஏசினேன். பிழை பிள்ளைகளில் இல்லை. காற்றில் ஒலி ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 340 மீற்றர் போகும். இணையத்தில் ஐந்திலொரு வினாடி சுணங்கினால், பிள்ளை 68 மீற்றருக்கு அப்பால், அதாவது எங்கள் படலையில் நான் பேசுவதைச் சந்திக் கடையில் நின்று கேட்பதற்குச் சமம். அங்கிருந்து அவன் திருப்பிப் பாடுவது வந்து சேர இன்னொரு 68. அந்தத் தூரத்தில் குடும்பமே நடத்தலாம் என்பதற்கு நான் சாட்சி. ஆனால் தாளம் போட முடியாது.

கடைசியில், "பாடிப் பதிஞ்சு வட்சப்பில அனுப்புங்கோ" என்றாள். அனுப்பினார்கள். அலாரிப்பு மாதிரி முன்னுக்கு ஒரு இருமல், நடுவில் சரளி வரிசை, பின்னணியில் சேவல், முடிவில் மூச்சு விடாமல் "ரீச்சர் நான் தரம் எட்டு சீ". நாகரிகம் கெட்ட பிள்ளைகள் என்று நினைத்தேன். பிறகுதான் அறிந்தேன்: 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் இசைத்தட்டுக்குப் பாடியபோதும் முடிவில் தன் பெயரை உரத்துச் சொன்னார். தட்டு அச்சாவது ஜேர்மனியில். அங்கே பெயர் ஒட்டுகிறவனுக்குப் பாடியது யார் என்று தெரிய வேண்டுமே. மணிக்கணக்கான ராகத்தை மூன்று நிமிடத்துக்குள் மடித்து, பெயரையும் சொல்லிவிட்டுப் போன அந்த அம்மாவின் பரம்பரைதான் எங்கள் எட்டு சீ.

எல்லாவற்றையும்விடப் பெரிய மர்மம் ஒன்று இருந்தது. அவளுடைய பாட்டு பிள்ளைகளுக்குக் கேட்டது, சுருதி கேட்கவில்லை. "ரீச்சர், சுருதி போடேல்லையோ?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டார்கள். பெட்டி அவளுக்குப் பக்கத்திலேயே முழங்கிக்கொண்டிருந்தது. பெட்டியில்தான் கோளாறு என்று ஆலோசகர் தீர்மானித்தேன். ஸ்குறூ ட்றைவரால் திறந்து, உள்ளே ஊதி, திரும்ப மூடினேன். ஒரு ஆணி மிஞ்சியது. அன்றிலிருந்து பெட்டி சுருதியோடு சேர்த்துக் கஞ்சிராவும் வாசிக்கிறது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கறண்ட் இல்லாமல் போனபோது அந்தக் கஞ்சிராவும் நின்றது. பரணிலிருந்து பழைய தம்புராவை இறக்கினோம். எங்கள் ஊர்க் கடற்காற்றில் கம்பிகள் கறள் பிடித்து, தொட்டால் சிவக்கும் நிலை. "எங்கட ஊர் இராவணன் தன்ர நரம்பையே கம்பியாக் கட்டி வாசிச்சவனாம். கறளும் இல்லை, சார்ஜரும் இல்லை" என்றேன். "அவனுக்குப் பத்துத் தலை. ஒண்டாவது வேலை செய்திருக்கும்" என்று பதில் வந்தது.

பயிற்சி நாளன்று லப்டொப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். சங்கீத ஆசிரியைகள் மாவட்டம் முழுவதிலுமிருந்து வந்திருந்தார்கள். மூதூர்ப் பக்கத்து மூத்த ரீச்சர் ஒருவர், ஒரு காலத்தில் லோஞ்சில் கடல் தாண்டியும் பாதையில் ஆற்றைத் தாண்டியும் கூட்டங்களுக்கு வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பஸ்ஸிலிருந்தபடியே வருகிறாராம். ஆனால் பயிற்சிகள் அப்போது எந்த வேகத்தில் நடந்தனவோ அதே வேகம்தான் என்றார். பின்வரிசையில் எனக்கு ஒரு கதிரை கிடைத்தது. வரவுப் பதிவில் 'துணை' என்று எழுதினார்கள். தம்புராவுக்கும் அதே சொல்லைத்தான் சொல்வார்கள் என்பதால் பேசாமல் இருந்தேன்.

படிப்பிக்க வந்தவர் எங்கள் மகளின் வயதுத் தம்பி. நல்ல பிள்ளை. காலை முழுவதும் திரையில் எழுத்துகளைப் பறக்கவிடக் கற்றுக்கொடுத்தார். 'ச' இடப்பக்கத்திலிருந்து பறந்து வந்தது. 'ரி' சுழன்று விழுந்தது. 'க' வெடித்துச் சிதறி ஒன்றுசேர்ந்தது. ஏழு சுரமும் தரையிறங்கப் பத்தரை மணித் தேநீர் வந்துவிட்டது.

தேநீருக்கு வெளியே போனால், சைக்கிள் கூடையில் நான் வைத்திருந்த பயிற்சிக் குறிப்பை ஒரு மான் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பிரட்றிக் கோட்டை மான்கள் இப்போது நகரத்துக்குள்தான் குடியிருக்கின்றன. பஸ் நிலையம், கடற்கரை, கடைத்தெரு என்று கடதாசி எங்கேயோ அங்கே மான். பதினான்கு பக்கக் குறிப்பில் ஒன்பதாம் பக்கம் வரை முடித்திருந்தது. நான் மூன்றாம் பக்கத்தில் நின்றவன். அது என்னைப் பார்த்த பார்வையில் சகபாடிக்குரிய மரியாதைகூட இல்லை.

அடுத்த பாடம் அட்டவணை மென்பொருள். 72 மேளகர்த்தா ராகங்களையும் பட்டியலாக்க வேண்டும். "கணக்கு ஓடாததாலதானே தம்பி நான் சங்கீதம் எடுத்தனான்" என்று ஒரு ரீச்சர் முறையிட்டார். "விபுலாநந்த அடிகள் அப்பிடிச் சொல்லேல்லையே" என்றார் மூதூர் ரீச்சர். உண்மைதான். காரைதீவில் 1892இல் பிறந்தவர். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. எங்கள் இந்துக் கல்லூரியையும் பொறுப்பேற்று நடத்தியவர். 1947இல் அரங்கேறிய 'யாழ் நூ'லில் பண்ணையும் கணக்கையும் ஒரே இலையில் பரிமாறியவர். அந்த மனிதர் இந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தால் எழுத்தைப் பறக்கவிடச் சம்மதித்திருப்பாரா என்று யோசித்தேன்.

தம்பி விளக்கினார்: "ரீச்சர், பெயருக்குப் பதிலா ஒரு குறியீட்டு இலக்கம் குடுத்தா, கொம்பியூட்டர் தானாத் தேடும்."

"அது பெயருக்குள்ளேயே இருக்கே தம்பி" என்றார் மூதூர் ரீச்சர்.

"எப்பிடி?"

"தீரசங்கராபரணம். 'தீ'க்கு ஒன்பது, 'ர'வுக்கு ரெண்டு. திருப்பி வாசி. இருபத்தொன்பதாவது மேளம். மேசகல்யாணி: 'மே' அஞ்சு, 'ச' ஆறு. அறுபத்தஞ்சு. மாயாமாளவகௌளை: அஞ்சு, ஒண்டு. பதினைஞ்சு. கடபயாதி எண்டு பேர்."

"எங்கட எழுத்தில ஒரே 'த'தானே ரீச்சர்? எந்தத் 'த' எண்டு எப்பிடித் தெரியும்?"

"எழுத்தில ஒண்டு. காதில நாலு. அதுக்குத்தானே குரு."

தம்பி சுட்டியைக் கீழே வைத்தார். மத்திமம் இரண்டு வகை. அதற்குக் கீழே ஆறு, அதற்குள்ளும் ஆறு. இரண்டு பெருக்கல் ஆறு பெருக்கல் ஆறு என்று ரீச்சர்மார் கரும்பலகையில் அட்டவணையைக் கட்டி முடித்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி கட்டிய கணக்கு அது. கறண்ட் தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு அந்த அறையில் யார் யாருக்குப் பயிற்சி கொடுப்பது என்பதில் சிறு குழப்பம் இருந்தது. தம்பி கெட்டிக்காரர், குழப்பத்தை அப்படியே விட்டுவிட்டார்.

மத்தியானத்துக்குப் பிறகு சுருதி பார்க்கும் செயலி. போனுக்கு முன்னால் பாடினால், சுரம் சரியென்றால் பச்சை, விலகினால் சிவப்பு. மனைவி தோடி ராகத்துக் காந்தாரத்தை எடுத்தாள். அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற சாதியல்ல. ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் அசைந்தால்தான் அது தோடி. செயலிக்கு ஊஞ்சல் தெரியாது. சுரம் என்றால் ஆணியடித்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது அதன் கட்சி. ஒரே சிவப்பு. முப்பது வருடச் சேவைக்குப் பூச்சியம்.

"துணைக்கு வந்த சேர் ஒருக்காப் பாடிப் பாருங்கோ" என்றார்கள். துறைமுகத்தில் கப்பல் ஊதுவதைக் கேட்டு வளர்ந்த தொண்டை. அசைவு, குழைவு ஒன்றுமில்லாமல் 'ஆ' என்று ஊதினேன். பச்சை! திரையில் பூ விழுந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு சங்கீத சபையில் எனக்குக் கைதட்டல். இயந்திரம் ஒருவனைக் கெட்டிக்காரன் என்று சொன்னால், அந்த ஆளைப் பார்க்காதே, அந்த இயந்திரத்தைப் பார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. வீட்டுக்கு வரும்வரை அதை நான் வெளியே சொல்லவில்லை.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. பச்சை பெற்ற கலைஞன் அல்லவா? போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுருதி பார்த்தேன். மின்விசிறி, தண்ணீர் மோட்டர், அயல்வீட்டு நாய். கடைசியில் குசினி. பிறிட்ஜின் முதுகுக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தேன். முள்ளு ஆடி ஆடி ஓரிடத்தில் நின்றது. அஞ்சு கட்டைக்குக் கொஞ்சம் மேலே.

திரும்பப் பிடித்தேன். அதே இடம்.

அடுத்த நாள் காலை தம்பியிடம் தனியாகக் கேட்டேன். இலங்கையில் மின்சாரம் வினாடிக்கு 50 தடவை மாறி மாறிப் பாய்கிறது. அதனால் மோட்டரின் இரும்பு அதன் இரட்டிப்பாய், 100 தடவை அதிரும். அதுதான் அந்த முனகல் என்றார். அஞ்சு கட்டையின் கீழ்ஸ்தாயி ஷட்ஜம் 98 தடவை. அஞ்சரைக் கட்டை என்றால் 104க்குக் கிட்ட. நூறு எங்கே விழும்? அஞ்சுக்கு ஒரு நூல் மேலே. இருபத்திரண்டு வருடத்து வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சியை நானே கூட்டிவந்து கூண்டில் ஏற்றியிருந்தேன்.

இரண்டாம் நாள் பறக்கும் எழுத்துகள் இல்லை. தம்பி, "உங்களுக்கு என்ன தேவை எண்டு நீங்களே சொல்லுங்கோ ரீச்சர்" என்று தொடங்கினார். ஓடசிற்றி என்ற இலவச மென்பொருளில் மனைவியின் அதே தோடிக் காந்தாரத்தைப் பதிந்து, சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் பாதியாகக் குறைத்தார்கள். அறை அமைதியானது. கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுகிற அந்த அசைவு, எங்கே தொடங்கி எங்கே தொட்டு எப்படித் திரும்புகிறது என்று வழித்தடம் மாதிரிக் கேட்டது. "இதைப் பிள்ளையளுக்குச் சொல்லி விளங்கப்படுத்தேலாமல் முப்பது வருசம் கையை ஆட்டிக் காட்டினன்" என்றாள் மனைவி. அவளுடைய கை அப்போதும் காற்றில் அந்த வளைவைப் போட்டுக்கொண்டிருந்தது. தம்பி முதல் நாள் காலை இதிலிருந்து தொடங்கியிருந்தால் மானுக்குத்தான் நட்டம்.

பிறகு அவள் எழும்பினாள். "தம்பி, கொரோனாக் காலத்தில என்ர சுருதியை ஆர் திண்டது?"

அறை முழுக்க "எங்கடயும்" என்று குரல். ஒருவர் பெட்டி பழுது என்று புதிதே வாங்கியிருக்கிறார். ஒருவர் சாமி அறையில் வைத்துத் தேங்காய் உடைத்திருக்கிறார். இன்னொரு வீட்டில் கணவர் பெட்டியைத் திறந்து ஊதியிருக்கிறார். அந்த மனிதர் அங்கே வந்திருக்கவில்லை; வந்திருந்தால் கைகொடுத்திருப்பேன்.

தம்பி, இணைய வகுப்பு நடத்திய செயலியின் அமைப்புப் பக்கத்தைத் திரையில் விரித்தார். "இது பெட்டியில பிழை இல்லை ரீச்சர். மனுசர் கதைக்கிற சத்தம் ஏறும், இறங்கும், மாறும். மாறாமல் ஒரே மாதிரி ஓடுற சத்தம் எதைக் கேட்டாலும் இந்தச் செயலி, 'இது மின்விசிறி, இது பிறிட்ஜ்' எண்டு நினைச்சு வெட்டிப்போடும். சுருதி மாறாதுதானே. அதால அதையும் இரைச்சல் எண்டு வெட்டிப்போட்டுது. இஞ்ச பாருங்கோ, 'மூல ஒலி' எண்டு ஒண்டு இருக்கு. அதைப் போட்டாச் சரி."

ஒரே ஒரு தட்டு. பெட்டியின் சுருதி, கஞ்சிரா உட்பட, அடுத்த அறையில் இருந்த போனில் கேட்டது.

எல்லோரும் கைதட்டினார்கள். மனைவி மட்டும் மெல்லத் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. மாறாமல் ஒரே மாதிரி ஓடுவது எல்லாம் இரைச்சல் என்று வெட்டி எறிகிற மென்பொருளை நேற்றுத்தான் கண்டுபிடித்தார்களாம். எங்கள் வீட்டில் அது முப்பது வருடமாய்ச் சாரம் கட்டிக்கொண்டு திரிகிறது. விடியப்புறத்துச் சுருதி, அடுப்படிச் சத்தம், 'சாப்பிட்டீங்களோ' என்ற தினசரிக் கேள்வி, ஒன்றையும் விட்டுவைக்காமல் வெட்டிவிட்டு, 'வீடு அமைதியா இருக்கு' என்று சந்திக் கடையில் பெருமை பேசிய உருப்படி. அந்தச் செயலியில் அமைப்பு மாற்ற ஒரு பக்கமாவது வைத்திருக்கிறார்கள்.

சான்றிதழ் அவளுக்குக் கொடுத்தார்கள். துணைக்கு ஒரு பக்கெற் பிஸ்கற்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, விளக்கேற்றி, அவள் பெட்டியைப் போட்டாள். செருப்பை மாட்டிச் சந்திப் பக்கம் திரும்பிய என் கால் ஏனோ குசினிப் பக்கம் போயிற்று. பிறிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. கொஞ்சம் நின்று கேட்டேன். ஒரு நூல் மேலேதான். இப்போது எனக்கே அது காதைக் குத்தியது.

பிளக்கைப் பிடுங்கினேன். உள்ளே காலையில் வாங்கிய பாரை கிடந்தது. தெரிந்துதான் பிடுங்கினேன்.

ஹோலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "சுருதி சேர்ந்திட்டுது. மீனை வெளியில எடுத்து வெட்டுங்கோ. மிளகாய்த்தூள் மேல்தட்டில கிடக்கு."

வெட்டினேன். மூல ஒலியில் மீன் செதில் சுரண்டுவது அப்படியொன்றும் அபஸ்வரமாக இல்லை. ஆனால் பொரிக்கத் தொடங்கியதும் எண்ணெய் ஆறு கட்டையில் சீறியது. அதற்கும் ஒரு கடிதம் வரும்.